கற்கண்டைக் குறைக்காதீர்கள்: ஹோங்ஷாவ் ரோ செய்முறை

சீனாவில் ஷாங்காய்க்கு அருகே உள்ள வூஷி நகருக்குக் குடிவந்த முதல் வாரம், தெருமுனைக் கடையில் ஷியாவ்லோங்பாவ் (உள்ளே கறியும் சாறும் வைத்து ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை) வாங்கினேன். ஓரத்தைக் கடித்துக் கறிச்சாற்றை உறிஞ்சினால் தித்திப்பு! சர்க்கரை கை தவறி விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். மறுநாள் வேறு கடையிலும் அதே தித்திப்பு. வூஷி, சூசோ, ஷாங்காய் பக்கம் கறிக்கும் மீனுக்கும் சர்க்கரை போடுவது, நாம் குழம்புக்குப் புளி விடுவது மாதிரி. "தீ ஷியேன்" என்பார் பக்கத்து வீட்டு அம்மா. கறியின் ருசியைத் தூக்கிக் கொடுக்கிறது என்று பொருள்.

அந்தக் கைப்பக்குவம் பிடிபட, சர்க்கரையும் சோயா சாஸும் சேர்த்துச் சிறு தீயில் வேகவைக்கும் பன்றிக்கறியான ஹோங்ஷாவ் ரோ செய்து பாருங்கள். எனக்கு நாலாவது தடவைதான் சரியாக வந்தது.

தோலோடு பன்றி வயிற்றுக்கறி அரை கிலோ, கற்கண்டு 45 கிராம், ஷாவ்ஷிங் ஒயின் (சீன அரிசி ஒயின்) அரை டம்ளர், வெளிர் சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, கருஞ்சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, இஞ்சி நாலு வில்லை, வெங்காயத்தாள் ஒரு முடிச்சு. கற்கண்டில் மஞ்சள் நிறக் கட்டிதான் என் தேர்வு. வெள்ளைச் சர்க்கரையிலும் வரும், ஆனால் அந்தப் பளபளப்பு வராது.

1. கறியை 3 செ.மீ. துண்டுகளாக நறுக்கிப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விடுங்கள். நுரையை எடுத்துவிட்டு, வெந்நீரில் அலசி வடிகட்டுங்கள்.

2. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில், பொடித்த கற்கண்டில் 30 கிராம் மட்டும் போட்டுச் சிறு தீயில் கிளறுங்கள். முதலில் கரையும், பிறகு இளமஞ்சளாகிப் பெரிய குமிழ்கள் வரும். அவை அடங்கிச் சின்னச் சின்னக் குமிழாகி, நிறம் தேன் மாதிரி ஆனதும் கறியைக் கொட்டிவிடுங்கள். தேன் நிறத்திலிருந்து கருகலுக்குப் போக அரை நிமிடம்கூட ஆகாது. புகை கிளம்பினால் அந்தப் பாகைக் கைவிட்டுவிடுங்கள். நான் கருகிய பாகில் கறியைப் போட்டு, கசப்பை மறைக்க இன்னும் கற்கண்டு சேர்த்தேன். பானை முழுக்கக் கசந்தது. அடுத்த முறை பயந்துபோய்ப் பச்சைத் தண்ணீர் ஊற்ற, பாகு கண்ணாடியாக இறுகிச் சட்டியில் ஒட்டிக்கொண்டது.

கறுப்பு நான்ஸ்டிக் வேண்டாம், நிறம் தெரியாது. எவர்சில்வர் வாணலிதான் சரி.

3. துண்டுகள் எல்லாப் பக்கமும் நிறம் பிடித்ததும் இஞ்சி, வெங்காயத்தாள், ஒயின், இரண்டு சோயா சாஸும் சேர்த்து, கறி மூழ்கும் அளவு வெந்நீர் விட்டு, மூடி போட்டு ஒரு மணி நேரம் சிம்மில் வையுங்கள். மண்சட்டி இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். குக்கர் வேண்டாம், கறி குழைந்துவிடும்.

4. மூடியைத் திறந்து, மீதிக் கற்கண்டைப் போட்டுத் தீயைக் கூட்டுங்கள். பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தந்த இரண்டாம் தவணை இது: முதல் தவணை நிறத்துக்கு, இரண்டாவது தித்திப்புக்கும் மினுமினுப்புக்கும். சாறு கரண்டியில் ஒட்டும்போது இறக்குங்கள். உப்பு தேவைப்பட்டால் இப்போதுதான்.

இந்தத் தித்திப்பு சீனா முழுவதற்கும் பொது என்று நினைத்துவிட வேண்டாம். "தெற்கே இனிப்பு, வடக்கே உப்பு" என்பது அங்கே பழைய வழக்கு. பெய்ஜிங்கில் தோஃபு நாவ் என்னும் இளந்தோஃபுவுக்கு உப்புக் குழம்பு ஊற்றுவார்கள். தெற்கே அதற்கே சர்க்கரைப் பாகு. காரத்துக்குப் பேர்போன சிச்சுவானிலோ, பன்றிக்கறி வில்லைகளுக்கு நடுவே இனிப்புப் பயறு விழுது வைத்து, ஒட்டரிசியோடு ஆவியில் வேகவைக்கும் தியென் ஷாவ்பாய் உண்டு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கி.பி. 647-இல் சீனாவின் தாங் பேரரசர் தைஸோங் இந்தியாவின் மகதத்துக்கு ஆள் அனுப்பிச் சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவரச் செய்தார். அதைச் செய்து பார்த்தது வூஷிக்கு வடக்கே உள்ள யாங்சோவின் கரும்பில். நாமோ சர்க்கரையைச் சீனி என்கிறோம்!

பின்சேர்க்கை: பாகில் கறியைப் போட்டதும் எண்ணெய் தெறித்துக் கை சுட்டதாக இருவர் எழுதியிருந்தார்கள். முதல் படிக்குப் பிறகு துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள் என்று நான் எழுதத் தவறிவிட்டேன். பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் தோலோடு கோழித் தொடையில் செய்யலாமா என்றும் கேள்வி வந்தது. தாராளமாக, வேகும் நேரம் 25 நிமிடம் போதும், தண்ணீரும் பாதி போதும். கற்கண்டு மட்டும் அதே 45 கிராம்.