கல்யாணத்திற்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனை: நாள்களை எங்கிருந்து எண்ணுவது?

பாம்பன் தீவைச் சேர்ந்த ஓர் இளைஞர், கல்யாணத்திற்கு ஒன்றரை மாதம் இருக்கையில், கைபேசியில் ஓர் ஆய்வகத் தாளைக் காட்டினார். ஆள் தெரியாதிருக்க ஊரையும் வேறு சில விவரங்களையும் மாற்றிச் சொல்கிறேன். "அக்கா, நான்-ரியாக்டிவ்னு வந்திருச்சு. வர்ற ஞாயிறு கோயில்ல ஓலை வாசிக்கச் சொல்லிரலாம்ல?" என்று கேட்டார். நான்-ரியாக்டிவ் என்றால் பரிசோதனையில் தொற்று தெரியவில்லை என்று பொருள்; ஓலை என்பது கிறிஸ்தவக் கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு. பெயர், வயது, இரத்தம் எடுத்த தேதி எல்லாம் தாளில் ஒழுங்காக இருந்தன. எனக்கு வேண்டியிருந்த தேதி மட்டும் அதில் இல்லை. கடைசியாகத் தொற்று ஏற்பட வாய்ப்பிருந்த நாள் எது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இரத்தம் கொடுப்பதற்குப் பதினைந்து பதினாறு நாள் முன்னால் என்றார்.

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்தில் ஆலோசகருக்குத் துணையாகச் சில ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது இந்த நாள் கணக்கில்தான். ஊசி குத்துவதும் தாள் வாங்குவதும் எளிது. ஆகவே அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: கடைசி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஆணுறை இல்லாத உடலுறவு, ஊசியைப் பகிர்ந்துகொள்வது, பரிசோதிக்கப்படாத இரத்தம் ஏற்றிக்கொள்வது, தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்கு வருவது ஆகியவையே எச்.ஐ.வி. பரவும் வழிகள். ஒரே குவளையில் தண்ணீர் குடிப்பதாலோ, கொசுக் கடியாலோ, ஒரே படகில் படுத்து உறங்குவதாலோ அது வருவதில்லை. கடல்தொழில் செய்கிறவர், வளைகுடாவிலிருந்து வந்தவர், லாரி ஓட்டுகிறவர் என்று தொழிலைப் பார்த்துச் சந்தேகப்படும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. கிருமிக்குத் தொழில் தெரியாது என்பதால் அந்தக் கணக்கை விட்டுவிட்டு, மேற்சொன்னவற்றில் ஏதேனும் கடைசியாக எந்த நாளில் நடந்தது என்பதை மட்டும், வேறு யார் கண்ணிலும் படாத இடத்தில் எழுதி வையுங்கள். அப்படி ஒரு நாளே இல்லையென்றால் உங்களுக்கு விண்டோ பீரியட், அதாவது தொற்று இருந்தும் பரிசோதனையில் தெரியாத காலம், பற்றிய கவலை இல்லை. ஒரே பரிசோதனை போதும்.

அந்த நாள் இன்றிலிருந்து மூன்று நாளுக்குள், அதாவது 72 மணி நேரத்திற்குள் இருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொற்றைத் தடுக்க 28 நாள் சாப்பிடும் மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். அதைச் சாப்பிட்டவர்களுக்கு மறுபரிசோதனை நாள் தள்ளிப்போகும் என்பதால், கீழே வரும் கணக்கை அவர்கள் மருத்துவரிடம் கேட்டே போட வேண்டும்.

படி 2: எந்தப் பரிசோதனை என்று கேளுங்கள்

கிருமி உடலுக்குள் நுழைந்த அன்றே எந்தப் பரிசோதனையிலும் அது தெரியாது. முதல் பத்து நாள் அளவில் இரத்தத்தில் தேடினாலும் அகப்படாது. பிறகு கிருமியின் மரபணுத் துணுக்குகள் தெரியத் தொடங்கும். ஏறத்தாழ இரண்டு வாரத்திற்குப் பின் பி24 என்ற ஆன்டிஜென், அதாவது கிருமியின் ஒரு புரதம், வரும். அதற்கும் பின்னரே உடல் தன் பங்குக்கு உண்டாக்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள், அளக்கும் அளவுக்குச் சேரும். தொற்று ஏற்பட்ட நாளுக்கும் குறிப்பிட்ட பரிசோதனையில் அது தெரியவரும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே விண்டோ பீரியட். ஒவ்வொரு பரிசோதனையும் இவற்றில் ஒவ்வொன்றைத் தேடுவதால் இந்தக் காலமும் பரிசோதனைக்குப் பரிசோதனை மாறுகிறது.

ஆன்டிபாடியை மட்டும் தேடும் பரிசோதனைகளில், விரல் நுனி இரத்தத்தில் செய்யும் ரேபிட் டெஸ்டில் பெரும்பாலானவை இந்த வகையே, தொற்று தெரியவர 23 முதல் 90 நாள் வரை ஆகலாம். ஆன்டிஜென், ஆன்டிபாடி இரண்டையும் சேர்த்துத் தேடுவதை ஆய்வகத்தார் ஃபோர்த் ஜெனரேஷன் என்பார்கள். நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்தால் இதற்கு 18 முதல் 45 நாள். கிருமியின் மரபணுவையே தேடும் நாட் பரிசோதனைக்கு 10 முதல் 33 நாள். ஆனால் இதற்குச் செலவு அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது, கல்யாணத்திற்கென்று பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் தேவையும் இல்லை.

இந்த எண்களில் முதல் எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். 18-ஆம் நாளிலேயே சிலருக்குத் தெரிந்துவிடலாம் என்பதுதான் அதன் பொருள். "இல்லை" என்று நம்பிச் சொல்ல வேண்டுமானால் இரண்டாவது எண் கடந்திருக்க வேண்டும்.

நம் கடற்கரைக்குத் தெரிந்த ஒரு அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், வீட்டில் ஆள் இருக்கும், கல்யாணப் பேச்சும் நடக்கும். ஒருவருடைய கடைசி நாள் ஏப்ரல் 14 என்று வைத்துக்கொள்வோம். ஃபோர்த் ஜெனரேஷன் ஆய்வகப் பரிசோதனைக்கு 45 நாள் மே 29-இல் முடிகிறது. தடைக்காலத்துக்குள்ளேயே தெளிவான பதில் கிடைத்துவிடும். ரேபிட் டெஸ்டை நம்பியிருந்தாலோ 90-ஆவது நாள் ஜூலை 13; படகு கடலுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். ஆகவே பரிசோதனைக்குப் பிந்திய தேதியைக் கொண்டு முகூர்த்தம் குறியுங்கள். முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு பரிசோதனையை அதற்குள் திணிக்கப் பார்க்காதீர்கள். இடையில் மறுபடி ஒரு வாய்ப்பு நேர்ந்தால் எண்ணிக்கை அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

இன்னொன்று, இதைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பரிசோதனையில் தெரியாத அந்த நாள்களில் தொற்று பரவாது என்று நினைக்கிறார்கள். தொற்றிய முதல் சில வாரங்களில்தான் இரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருக்கும். சிலருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, தோலில் தடிப்பு வரும், பலருக்கு ஒன்றுமே தெரியாது. பிறருக்குப் பரவும் வாய்ப்பு அப்போது மிகக் கூடுதல்.

படி 3: எங்கே போவது

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. உள்ளூரில் தெரிந்தவர் கண்ணில் படுமே என்று தயங்குகிறவர் மதுரைக்கே போகலாம், எந்த ஊர் மையமும் எந்த ஊராரையும் பார்க்கும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

தனியார் ஆய்வகத்திற்குப் போகிறவர்கள், எந்த வகைப் பரிசோதனை என்பதையும் முடிவை யார் கையில் கொடுப்பார்கள் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மாவட்டத்தில் ஓர் ஆய்வகம், பணம் கட்டியவர் தாய்மாமன் என்பதற்காக மணப்பெண்ணின் முடிவை அவரிடம் கொடுத்துவிட்டது. முடிவு நல்லபடியாகவே இருந்தது, ஆனால் தன்னைக் கேட்காமல் பரிசோதித்ததை அந்தப் பெண் மறக்கவில்லை. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறாமல் ஒருவரைப் பரிசோதிக்கக் கூடாது. முடிவை அவர் சம்மதமின்றி வெளியிடவும் கூடாது. மாமனார் வீடு கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது.

முடிவைத் தெரிந்துகொள்வதற்காக இரத்த தானம் செய்ய மட்டும் போகாதீர்கள். விண்டோ பீரியடில் எடுத்த இரத்தம் வேறொருவர் உடம்பில் ஏறிவிடக்கூடும்.

படி 4: அறைக்குள் நடப்பது

ஆலோசகர் முதலில் பேசுவார். அவர் கேட்பது வம்புக்கு அல்ல, நீங்கள் முதற்படியில் எழுதிவைத்த தேதிக்காக. மறைத்தால் கணக்கு தப்பும்.

ரேபிட் டெஸ்ட் என்றால், விரல் நுனியில் குத்தி எடுத்த துளியை வெள்ளை நிற பிளாஸ்டிக் பட்டையின் சிறு குழியில் விட்டு, மேலே கரைசலை இரண்டொரு சொட்டு விடுவார்கள். இரத்தம் கசிந்து இளஞ்சிவப்பாக மெதுவாக மேலேறும். கட்டுப்பாட்டுக் கோடு என்ற ஒன்று கட்டாயம் தோன்ற வேண்டும். அது வராவிட்டால் பட்டை பழுது, முடிவு செல்லாது. அந்தக் கோடு மட்டும் இருந்தால் நான்-ரியாக்டிவ். பக்கத்தில் இன்னொரு கோடு, மங்கலாக இருந்தாலும், தெரிந்தால் ரியாக்டிவ். பொதுவாகக் கால் மணி நேரம் முதல் இருபது நிமிடம் வரை ஆகும். அந்த இருபது நிமிடம்தான் நீளம்.

படி 5: தாளைப் படிப்பது

நான்-ரியாக்டிவ், விண்டோ பீரியடும் கடந்துவிட்டது என்றால் தொற்று இல்லை. விண்டோ பீரியடுக்குள் என்றால் குறித்த நாளில் மறுபடி வர வேண்டும், அதுவரை ஆணுறை வேண்டும். வளைகுடா விசாவுக்காக எடுத்த மெடிக்கலைக் காட்டி "இதுலயே பாத்தாச்சு" என்று கீழக்கரைப் பக்கம் சொல்வார்கள். அது அந்தத் தேதிக்கு ஒரு விண்டோ பீரியட் முந்திய காலம் வரைதான் சொல்லும், அதற்குப் பிந்தியதைச் சொல்லாது.

ஒரே பரிசோதனையில் ரியாக்டிவ் வந்தால் அது முடிவான பதில் ஆகாது. வெவ்வேறு வகைப் பட்டைகளில் மூன்று முறை பார்த்து, மூன்றும் ஒத்து வந்தால்தான் உறுதி செய்வார்கள். ஒத்து வராவிட்டால் சில வாரம் கழித்து மறுபடி அழைப்பார்கள். முதல் தாளை வாங்கியவுடன் கல்யாணத்தை நிறுத்திவிட்டதாக ஊருக்குச் சொல்ல ஓடாதீர்கள்.

உறுதியானால் கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசு இலவசமாகவே தருகிறது, காத்திருக்காமல் தொடங்கலாம். மருந்தைத் தவறாமல் எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அந்நிலை நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவுவதில்லை. குழந்தைக்குப் பரவாமலும் தடுக்க முடிகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது, டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த ஆய்வில். அதே சுனிதி சாலமன் பிற்காலத்தில் தொற்றுள்ளவர்களுக்கு வரன் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தவர். கல்யாணம் நின்றுபோக வேண்டும் என்று கட்டாயம் ஒன்றுமில்லை. கட்டிக்கொள்ளப்போகிறவர் எல்லாம் தெரிந்து சம்மதிக்க வேண்டும் என்பது மட்டுமே கட்டாயம்.

படி 6: இருவரும் சேர்ந்து போங்கள்

மாப்பிள்ளையை மட்டும், அல்லது பெண்ணை மட்டும் அனுப்பும் வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. ஒருவர் தாள் மற்றவருடைய நிலையைச் சொல்லாது. அதோடு, போகிற போக்கில் மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி-க்கும், சிபிலிஸ் நோய்க்கும் இரத்தம் கொடுத்துவிடலாம். முன்னதற்குத் தடுப்பூசியும், பின்னதற்கு முழுக் குணமும் உண்டு.

பாம்பன் இளைஞர் அந்த ஞாயிறு ஓலை வாசிக்கச் சொல்லவில்லை. வீட்டில் என்ன காரணம் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. 46-ஆம் நாள், ஃபோர்த் ஜெனரேஷன் பரிசோதனைக்கு ராமநாதபுரம் வந்தார். தனியாக வரவில்லை. வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற அந்தப் பெண், தன் வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டு முதலில் கையை நீட்டினார்.