வெளிநாட்டு மிஷன் ட்ரிப்ல சிறுவர் ஊழியம் பண்ணப் போறீங்களா? இந்தத் தவறுகளைத் தயவுசெஞ்சு பண்ணாதீங்க

நான் முதல் தடவையா வெளிநாட்டு மிஷன் ட்ரிப் (சபையில இருந்து டீமா சேந்து ஊழியத்துக்குப் போற பயணம்) போனப்போ எங்க டீம்ல பத்து பேர், பெட்டி பெட்டியா பப்பெட், பலூன், கலர் பேப்பர், ஸ்பீக்கர், ப்ரொஜெக்டர் எல்லாம் எடுத்துட்டுப் போனோம். அந்த சபையில வாராவாரம் சண்டே ஸ்கூல் எடுக்கிற ஒரு அக்கா இருந்தாங்க. பழைய காகிதத்துல இருந்து வெட்டி அட்டையில ஒட்டின படங்களை ஒரு துணிப்பையில வச்சிருப்பாங்க, அதை வச்சுத்தான் வருஷக்கணக்கா கதை சொல்லிட்டு வந்திருக்காங்க. நாங்க இருந்த அஞ்சு நாளும் அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டு கடைசி பெஞ்ச்ல உக்காந்திருந்தாங்க, எங்கள்ல ஒருத்தருக்குக்கூட அவங்களை முன்னாடி கூப்பிடணும்னு தோணல. கிளம்புற அன்னைக்கு மொழிபெயர்ப்பாளர் மூலமா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "அடுத்த ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க ப்ரொஜெக்டர் எங்கேன்னு கேப்பாங்களே, நான் என்ன சொல்றது?"

எனக்குப் பதில் சொல்ல வரல. அன்னைக்கு அது வலிச்சுது, இப்பவும் வலிக்குது. நாம பண்ற தவறுகள்ல முக்கால்வாசி இதுல இருந்துதான் ஆரம்பிக்குதுன்னு நான் நம்புறேன். அந்தப் பிள்ளைங்க நம்ம ஒரு வார ஊழியத்துக்காக அங்க காத்துக்கிட்டு இருந்தவங்க இல்ல. அவங்களுக்கு வீடு இருக்கு, அப்பா அம்மா இருக்காங்க, சபை இருக்கு, டீச்சர் இருக்காங்க, நாம போனதுக்கு அப்புறமும் அவங்க கூடவே இருக்கப் போறது அந்த டீச்சர்தான். சண்டே ஸ்கூல் பரவ ஆரம்பிச்சதே அப்படித்தான், 1780ல இங்கிலாந்துல க்ளாஸ்டர் ஊர்ல ராபர்ட் ரெய்க்ஸ் ஏழைப் பிள்ளைங்களுக்காக அதை நடத்தினப்போ அந்த ஊர்லயே குடியிருந்த பெண்களைத்தான் சம்பளம் கொடுத்து டீச்சரா வச்சார். அதனால எந்த ப்ரோகிராம் பிளான் பண்ணாலும் இதை நாம போனப்புறம் அந்த அக்காவால தனியா பண்ண முடியுமான்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, முடியாதுன்னா பெட்டியில வைக்காதீங்க. கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அந்த பாஸ்டர்கிட்டயும் டீச்சர்கிட்டயும் பேசுங்க, இப்ப என்ன பாடம் நடக்குது, பிள்ளைங்களுக்கு எந்த வயசு, எழுதப் படிக்கத் தெரியுமா, அவங்க பாடுற பாட்டு என்னன்னு கேளுங்க. அவங்க பாட்டுல ரெண்டு நீங்க கத்துக்கிட்டுப் போனீங்கன்னா முதல் நாளே பிள்ளைங்க முகம் மலர்ந்துடும்.

அடுத்தது மொழி. நம்ம ஊர் விபிஎஸ்ல (விடுமுறை வேதாகமப் பள்ளி) முப்பது நிமிஷத்துல சொல்ற கதையை அப்படியே எடுத்துட்டுப் போறோம், மொழிபெயர்ப்பு வந்தா அது ஒரு மணி நேரம் ஆகும்ங்கிறதை யோசிக்கிறதே இல்ல. ஆறு வயசுப் பிள்ளை ஒரு மணி நேரம் உக்காருமா? கதையைப் பாதியா வெட்டுங்க. சின்னச் சின்ன வாக்கியமா பேசுங்க, ஒரு வாக்கியம் முழுசா முடிச்சிட்டு நிறுத்துங்க, பாதியில நிறுத்துனா மொழிபெயர்ப்பாளர் பாவம் வினைச்சொல் எங்கேன்னு தேடிட்டு நிப்பாங்க. எதுகை மோனை வச்ச வசனம், ஒரு வார்த்தையோட ஒவ்வொரு எழுத்தையும் விரிச்சுச் சொல்ற பாடம், வார்த்தை விளையாட்டு ஜோக் இதெல்லாம் மொழி தாண்டாது. முந்தின நாள் ராத்திரியே மொழிபெயர்ப்பாளர் கூட உக்காந்து கதையை ஒரு தடவை முழுசா ஓட்டிப் பாருங்க, "கிருபை", "மீட்பு" மாதிரி வார்த்தைக்கு அவங்க சபையில என்ன சொல்றாங்கன்னு அப்பவே தெரிஞ்சிடும்.

வேர்ட்லெஸ் புக், அதாவது எழுத்தே இல்லாம நிறப் பக்கங்களை வச்சே சுவிசேஷம் சொல்ற புத்தகம், அதைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா எல்லா டீம் பையிலயும் அது இருக்கும். இங்கிலாந்து பிரசங்கியார் ஸ்பர்ஜன் 1866ல ஒரு பிரசங்கத்துல கருப்பு, சிவப்பு, வெள்ளைன்னு மூணு பக்கத்தைப் பத்திப் பேசினார், அப்புறம் அமெரிக்க சுவிசேஷகர் டி.எல்.மூடி 1875ல தங்க நிறத்தைச் சேர்த்தார், பச்சை அதுக்கும் பின்னாடி வந்தது. நல்ல கருவிதான், நானும் யூஸ் பண்றேன். ஆனா கருப்பு நிறத் தோல் இருக்கிற பிள்ளைங்க முன்னாடி நின்னு "கருப்புன்னா பாவம், வெள்ளைன்னா சுத்தம்"னு சொன்னா அந்தப் பிள்ளை தன் கையைக் குனிஞ்சு பாக்குமா பாக்காதா? இருட்டு, வெளிச்சம்னு சொல்லுங்க. பைபிள்லயே அந்த வார்த்தைதான் இருக்கு, அந்தப் பக்கத்தையும் இருட்டுன்னே சொல்லிக் கொடுங்க.

இப்ப சொல்லப் போறதுல சிலருக்கு என் மேல கோபம் வரலாம். கை தூக்கச் சொல்லி எண்றது. "இயேசுவை ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க"ன்னு முதல் நாள் கேட்டா நாப்பது கை, ரெண்டாவது நாள் கேட்டா அதே நாப்பது கை, மூணாவது நாளும் அதே, ஊருக்கு வந்து ரிப்போர்ட்ல 120 பிள்ளைகள் இரட்சிக்கப்பட்டாங்கன்னு எழுதுறோம். ஒரு பையன் மூணு நாளும் கை தூக்கினான், ஏன்பான்னு கேட்டேன், "நீங்க கேட்டீங்களே, தூக்கலைன்னா நீங்க வருத்தப்படுவீங்க"ன்னான். பிள்ளைங்க அப்படித்தான், தூரத்துல இருந்து வந்த பெரியவங்க பிரியமா கேட்டா எதுக்கும் சரின்னு சொல்லும், அதுல பலூனும் மிட்டாயும் வேற கையில இருந்தா கேக்கவே வேண்டாம். பரிசுக்கும் இயேசுவை ஏத்துக்கிற தீர்மானத்துக்கும் நடுவுல முடிஞ்ச அளவு தூரம் வைங்க. கூட்டமா கேக்கறதுக்குப் பதிலா, பேசணும்னு நினைக்கிற பிள்ளை அந்த ஊர் டீச்சர்கிட்ட வரலாம்னு சொல்லுங்க. எண்ணிக்கை குறையும், குறையட்டும். கர்த்தர் நம்மகிட்ட அந்த நம்பரைக் கேக்கல.

பெத்தவங்களுக்குத் தெரியாம எதுவும் பண்ணாதீங்க, இதுல சட்டப் பிரச்சினையும் இருக்கு. சில நாடுகள்ல மதமாற்றச் சட்டம் ரொம்பக் கடுமை, நேபாளத்துல 2018ல நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி மதம் மாத்துறதுக்கு 5 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம், வெளிநாட்டுக்காரங்களா இருந்தா தண்டனை முடிஞ்சதும் நாட்டை விட்டு அனுப்பிடுவாங்க. நாம ஃபிளைட் ஏறிடுவோம், போலீஸ் வந்து நிக்கிறது அந்த பாஸ்டர் வீட்டு வாசல்ல. டூரிஸ்ட் விசாவுல போயிட்டு ஊழியம் பண்ணலாமா கூடாதான்னும் முன்னாடியே விசாரிங்க, "கர்த்தர் பாத்துப்பார்"னு மட்டும் சொல்லிட்டுப் போறது விசுவாசம் இல்ல, அடுத்தவங்க தலையில பாரத்தை ஏத்துறது.

பாதுகாப்பு விஷயத்துல எனக்கு விட்டுக்கொடுக்கவே மனசு வராது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளை கூட மூடின ரூம்ல தனியா இருக்கக் கூடாது, எப்பவும் ரெண்டு பெரியவங்க, டாய்லெட் கூட்டிட்டுப் போறதுகூட அந்த ஊர் ஆள்தான் போகணும், டீம்ல வர்ற ஒவ்வொருத்தரைப் பத்தியும் அவங்க சபையில முன்னாடியே விசாரிச்சிருக்கணும். "நம்ம டீம் ஆளுங்க எல்லாரும் விசுவாசிங்கதானே"ன்னு சொல்லி இதை விட்டுடுறாங்க பாருங்க, அதுதான் ஆபத்து. சின்னப் பிள்ளைக்கு இடறல் உண்டாக்குறவன் கழுத்துல ஏந்திரக்கல்லை (மாவரைக்கிற பெரிய கல்லை) கட்டி கடல்ல அமிழ்த்துறதே அவனுக்கு நலம்னு சொன்ன ஆண்டவர் இதை லேசா எடுத்துக்கல. பிள்ளைங்களா வந்து கட்டிப்பிடிச்சா தள்ளிவிட வேண்டாம், ஆனா எல்லார் முன்னாடியும், பக்கவாட்டுல, கொஞ்ச நேரம், அவ்வளவுதான். சாப்பிடக் கொடுக்கிற எதுவா இருந்தாலும் முதல்ல டீச்சர்கிட்ட அலர்ஜி இருக்கான்னு கேளுங்க, குட்டிப் பிள்ளைங்களுக்கு கெட்டியான மிட்டாயும் ஊதாத பலூனும் கொடுக்காதீங்க, தொண்டையில அடைச்சிக்கும்.

ஃபோட்டோ. உங்க பிள்ளையை யாரோ தெரியாத ஒருத்தர் தூக்கி வச்சுக்கிட்டு செல்ஃபி எடுத்து, "பாவப்பட்ட குழந்தை, ஜெபிச்சுக்கோங்க"ன்னு ஸ்டேட்டஸ் போட்டா எப்படி இருக்கும்? பெத்தவங்க சம்மதம் இல்லாம முகம் தெரியுற படம் வேண்டாம், பேரும் ஊரும் சேத்துப் போடவே வேண்டாம், ஃபோன்ல லொகேஷனை ஆஃப் பண்ணிடுங்க.

அனாதை இல்லத்துக்குப் போற பிளான் இருந்தா ரெண்டு தடவை யோசிங்க. இந்த மாதிரி இல்லங்கள்ல இருக்கிற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்கன்னு யுனிசெஃப் மாதிரி அமைப்புகள் ரொம்ப வருஷமா சொல்லிட்டு வர்றாங்க, வறுமைதான் பிரிச்சிருக்கு. விருந்தாளிங்க காட்டுற பணத்துக்காகவே பிள்ளைங்களை இல்லத்துல சேக்கிற வியாபாரமும் உண்டு, ஆஸ்திரேலியா 2018ல நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டு வந்த சமயத்துல இதையும் ஒரு வகை அடிமைத்தனமாவே எடுத்துக்கிட்டாங்க. வாராவாரம் புதுசா ஒரு டீம் வந்து பாசம் காட்டி, அழ வச்சுட்டுப் போனா அந்தப் பிள்ளை மனசு என்ன ஆகும்? அதே நேரத்தையும் பணத்தையும் ஒரு குடும்பம் தன் பிள்ளையை வீட்லயே வச்சுக்க உதவுற உள்ளூர் ஊழியத்துக்குக் கொடுக்கலாம்.

பரிசுப் பொருள் எதுவா இருந்தாலும் நீங்க நேரா நீட்டாதீங்க, பாஸ்டர்கிட்டயோ டீச்சர்கிட்டயோ கொடுத்துடுங்க, யாருக்கு எது தேவைன்னு அவங்களுக்குத்தான் தெரியும். இருக்கிற பிள்ளைங்களை விட நாலஞ்சு கூடவே எடுத்துட்டுப் போங்க, கடைசி நாள் தெரியாத முகமெல்லாம் வரும்.

விடைபெறுறது பத்தி யாருமே பயிற்சி கொடுக்கிறது இல்ல. முதல் நாளே "நாங்க வெள்ளிக்கிழமை வரைக்கும் இருப்போம்"னு பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க, தினமும் ஞாபகப்படுத்துங்க. "அடுத்த வருஷம் கண்டிப்பா வருவேன்"னு வாய் தவறிக்கூட சொல்லாதீங்க, நாம மறந்துடுவோம், அந்தப் பிள்ளை மறக்காது, ஒவ்வொரு வருஷமும் கேட்டைப் பாத்துட்டு நிக்கும். கடைசி நாள் ப்ரோகிராமை டீச்சர் கையில கொடுத்துடுங்க. ரெண்டாவது ட்ரிப்ல வேற ஒரு சபையில நாங்க அப்படித்தான் பண்ணோம், அங்க இருந்த டீச்சர் தன்னோட படத்தை வச்சு தன்னோட மொழியில கதை சொன்னாங்க, நாங்க பத்து பேரும் பின்னாடி தரையில உக்காந்து கேட்டோம். கதையில ஒரு வார்த்தை புரியல. ஆனா பிள்ளைங்க ஒண்ணுகூட எங்க பக்கம் திரும்பிப் பாக்கல.