கீழே கிடந்த போன்: திருப்பிக் கொடுக்கும் முன் செய்துவிடக் கூடாத தவறுகள்

போனைத் தொலைத்தவர் பதறிப்போய் முதலில் செய்வது ஒன்றுதான். பக்கத்தில் நிற்பவரிடம் போன் வாங்கித் தன் எண்ணுக்கே அடித்துப் பார்ப்பார். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் தொலைத்தவரும் அதைத்தான் செய்வார், திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு வந்து பையைத் துழாவுகிறவரும் அதைத்தான் செய்வார். அந்த அழைப்பு வந்து சேர வேண்டும், அதை நீங்கள் எடுத்துப் பேச வேண்டும். நல்ல மனசோடு போனை எடுத்து வைத்தவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு அழைப்பைத்தான் தடுத்துவிடுகின்றன.

போனை அணைத்துவிடுவது

'சார்ஜ் போய்விடக் கூடாதே' என்று அணைத்து வைக்கிறவர்கள் உண்டு. 'மாட்டிக்கொள்வோமோ' என்ற பயத்தில் அணைப்பவர்களும் உண்டு. இரண்டுமே உரியவரின் வழியை அடைத்துவிடும். அணைத்த போனுக்கு அழைப்பு வராது. தொலைத்தவர் 'ஸ்விட்ச் ஆஃப்' என்ற குரலைக் கேட்டதுமே திருட்டுப் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார். அதன்பின் அவர் சிம்மை முடக்கி, மாற்று சிம் வாங்கப் போய்விடுவார். பழைய சிம் செத்துவிட்டால் உங்கள் கையில் உள்ள போன் இனி அடிக்கவே அடிக்காது. அதனால் முதல் இரண்டு மூன்று மணி நேரம் மிக முக்கியம்.

அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் பழைய நிலைக்கு வராது. பூட்டைத் திறக்காதவரை பெரும்பாலான போன்களில் தொடர்புப் பெயர்கள் பூட்டியபடியே இருக்கும். அழைப்பு வந்தால் 'அம்மா' என்றோ 'வீடு' என்றோ வராது, வெறும் எண்தான் தெரியும். வாட்ஸ்அப் அழைப்பும் வராது. சிம்முக்குத் தனியாக ரகசியப் பின் (PIN) எண் வைத்திருந்தால் நெட்வொர்க்கே வராது. எனவே போன் உயிரோடு கிடைத்தால் உயிரோடே வைத்திருங்கள். சார்ஜ் குறைவாக இருந்தால் பக்கத்துக் கடையில் சொல்லிச் சார்ஜரில் போடுங்கள். 2023க்குப் பின் வந்த ஐபோன்களுக்கும் இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களுக்கும் ஒரே சி வகைச் சார்ஜர் போதும். பழைய ஐபோனுக்கு மட்டும் அதற்குரிய வயர் வேண்டும்.

சைலன்டில் இருக்கும் போன் பையில் கிடந்தால் நூறு தடவை அடித்தாலும் தெரியாது. திரை மேலே தெரிய, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். பூட்டிய திரையிலும் மேலிருந்து கீழே இழுத்தால் சில போன்களில் விமான முறை பொத்தான் வரும். துடைக்கும்போது விரல் பட்டு அது இயங்கிவிட்டால் அழைப்பு நின்றுபோகும், மேலே சின்ன விமானப் படம் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சிம்மைக் கழற்றுவது, தன் சிம்மைப் போட்டுப் பார்ப்பது

எல்லாவற்றிலும் மோசமான தவறு இது. ஒவ்வொரு போனுக்கும் ஐஎம்இஐ என்ற 15 இலக்க எண் உண்டு. இரண்டு சிம் போடும் போனென்றால் அந்த எண்ணும் இரண்டு. போனைத் தொலைத்தவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்தப் புகார் எண்ணோடு மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர் தளத்தில் பதிந்தால், நாட்டின் எல்லா நெட்வொர்க்கிலும் அந்தப் போன் முடக்கப்படும். 2023 மே மாதம் முதல் இந்த வசதி நாடு முழுவதும் இருக்கிறது. முடக்கிய போனில் யாராவது வேறு சிம் போட்டால், எந்த எண் போடப்பட்டது என்ற தகவல் காவல்துறைக்குப் போய்ச் சேரும். 'வேலை செய்கிறதா என்று பார்த்தேன்' என்று பிறகு விளக்கம் சொல்வதைவிட, கிடைத்த சிம்மைத் தொடாமல் விடுவதே உங்களுக்குப் பாதுகாப்பு.

பூட்டைத் திறக்கப் பார்ப்பது

1234, 0000, பிறந்த வருடம் என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்காதீர்கள். தவறாக அடிக்க அடிக்கக் காத்திருக்கும் நேரம் நீளும். ஐபோனில் 10 முறை தவறினால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும்படி சிலர் அமைத்திருப்பார்கள். திருப்பிக் கொடுக்கப் போய் ஒருவருடைய குழந்தையின் படங்களை எல்லாம் அழித்துவிடக் கூடாது.

பூட்டைத் திறக்காமலே பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. திரையின் கீழே 'எமர்ஜென்சி' என்று இருப்பதை அழுத்துங்கள். ஆண்ட்ராய்டில் 'அவசரத் தகவல்' என்றும், ஐபோனில் 'மெடிக்கல் ஐடி' என்றும் ஒரு பகுதி வரும். உரியவர் நிரப்பி வைத்திருந்தால் பெயரும் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினர் எண்ணும் அங்கே இருக்கும், அங்கிருந்தே அழைக்கலாம். அடுத்து, பின் உறையைக் கழற்றிப் பாருங்கள். பஸ் பாஸ், கல்லூரி அடையாள அட்டை, வேளாங்கண்ணி மாதா படத்தின் பின்னால் எழுதிய எண் என்று ஏதாவது இருக்கும். ஏடிஎம் அட்டை இருந்தால் அதைப் படம் எடுக்க வேண்டாம். உரியவர் வேறு இடத்திலிருந்து தேடிக்கொண்டிருந்தால், கூகுள் அல்லது ஆப்பிளின் தேடும் வசதி வழியாகத் திரையிலேயே ஒரு செய்தியும் திரும்ப அழைக்க வேண்டிய எண்ணும் அனுப்ப முடியும். அதனால் அவ்வப்போது திரையை ஒளிர வைத்துப் பாருங்கள்.

பூட்டே இல்லாத போனாக இருந்தால் ஒரே ஒரு வேலைதான்: 'அம்மா', 'அப்பா', 'வீடு' அல்லது கடைசியாகப் பலமுறை பேசிய எண்ணுக்கு ஒரு அழைப்பு. படங்கள், வாட்ஸ்அப், பணம் அனுப்பும் செயலிகள் எதையும் தொட வேண்டியதில்லை. உரியவரின் வாட்ஸ்அப்பிலேயே 'இந்தப் போன் கிடைத்திருக்கிறது' என்று ஸ்டேட்டஸ் வைப்பதும் வேண்டாம். அவருடைய கணக்குக்குள் ஒருவர் புகுந்துவிட்டார் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

எடுத்ததும் இடத்தை விட்டுப் போவது

தொலைத்தவர் நடந்த வழியிலேயே திரும்பி வந்து தேடுவார். ஆகவே அவசரம் இல்லையென்றால் 15, 20 நிமிடம் அங்கேயே நில்லுங்கள். டீக்கடை மேசையில் கிடைத்தால் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு உங்கள் எண்ணையும் கொடுங்கள். கடைக்காரர் தெரிந்தவர், நம்பிக்கையானவர் என்றால் அவரிடமே கொடுக்கலாம். ஆனால் நாலு பேர் பார்க்க, யாரிடம் கொடுத்தீர்கள் என்று சொல்லிக் கொடுங்கள். ஆட்டோ ஸ்டாண்டில் நின்று பொதுவாக "இது யாருக்க போனு?" என்று நீட்டிக் கேட்காதீர்கள். 'எனக்குத்தான்' என்று சொல்ல ஒருவர் எப்போதும் இருப்பார்.

இடத்துக்கு இடம் வழி மாறும். கன்னியாகுமரியில் படகில் கிடைத்தால் வெளியே கொண்டு போக வேண்டாம். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் போனவர்கள் திரும்பி வரும் துறை ஒன்றே என்பதால், படகுகளை இயக்கும் பூம்புகார் கப்பல் கழகத்தின் படகுத்துறை அலுவலகத்தில் கொடுத்து, எந்த நேரப் படகு என்பதைச் சொல்லுங்கள். வெளியூர்க்காரர்கள் சூரியன் மறைந்ததும் வண்டியேறிவிடுவார்கள் என்பதால் மாலைக்குள் கொடுத்தால்தான் பயன்.

அரசுப் பேருந்தில் கிடைத்தால் நடத்துநரிடம் கொடுத்து, பேருந்து எண்ணையும் தடத்தையும் உங்கள் டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், எந்தப் பேருந்து, எந்த நேரம் என்பதற்கு அதுதான் ஆதாரம். பேருந்து நிலையத்தின் நேரக்காப்பாளர் அறையில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், தேடி வருகிறவர் முதலில் கேட்கும் இடத்தில் தகவல் இருக்கும். களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகும் கேரளப் பேருந்து என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது எந்த டிப்போ வண்டி என்பதைக் கட்டாயம் குறியுங்கள்.

ரயிலில் கிடைத்தால் வண்டி எண், பெட்டி எண், இருக்கை எண் மூன்றையும் எழுதி டிக்கெட் பரிசோதகரிடமோ, நாகர்கோவில் சந்திப்பு போன்ற நிலையங்களில் ரயில்வே பாதுகாப்புப் படையிடமோ கொடுங்கள். 139 என்ற எண்ணிலும் சொல்லலாம். முன்பதிவுப் பெட்டி என்றால் இருக்கை எண்ணை வைத்துப் பயணியைத் தேட முடியும். இருக்கை எண் இல்லாமல் 'ரயிலில் கிடைத்தது' என்று மட்டும் கொடுத்தால், விவேக் எக்ஸ்பிரஸில் அசாமின் திப்ருகர் வரை போகிறவர் யாரென்று யாராலும் சொல்ல முடியாது.

அழைத்தவர் சொல்வதை அப்படியே நம்புவது

அடித்ததும் எடுத்துவிடுங்கள். எடுத்து முதலில் சொல்ல வேண்டியது: "இந்தப் போன் கீழே கிடந்து கிடைச்சுது. நீங்க யாரு பேசுறீங்க?" பிராண்டையோ நிறத்தையோ கிடைத்த இடத்தையோ நீங்களாகச் சொல்லாதீர்கள். அதெல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டிய விடைகள். எங்கே, எத்தனை மணிக்குத் தொலைத்தார், உறை என்ன நிறம், திரையில் என்ன படம், எந்த மூலையில் கீறல் என்று கேளுங்கள். அழைத்தவர் உரியவர்தான் என்று எண்ணிவிடவும் வேண்டாம். வேலை செய்யும் இடத்து ஆளோ, கடன் தவணை கேட்பவரோ, ஏதோ விளம்பரமோ இருக்கலாம். அவர்களிடம் உரியவரின் வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொன்னால் போதும்.

நேரில் வந்தால் மிகச் சிறந்த சோதனை, உங்கள் கண் முன்னே போனைத் திறந்து காட்டச் சொல்வதுதான். குழந்தையோ முதியவரோ தொலைத்து மகன் வாங்க வந்தால் பின் எண் தெரியாமல் இருக்கலாம். அப்போது பெட்டியையோ பில்லையோ கேளுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் எமர்ஜென்சி திரையில் *#06# அடித்தாலே ஐஎம்இஐ வந்துவிடும், பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.

குமரியில் போன் தொலைப்பவர் தமிழ் பேசுபவராகவே இருப்பார் என்று சொல்ல முடியாது. எல்லைப் பக்கத்து மலையாளிகளும், வடக்கிலிருந்து வரும் சுற்றுலாக்காரர்களும் உண்டு. மொழி புரியவில்லை என்று இணைப்பைத் துண்டித்தால், அவர் ஏமாற்றுக்காரரிடம் போன் மாட்டிவிட்டதாகப் பயப்படுவார். இந்தி தெரிந்த விடுதி ஊழியரிடமோ மலையாளம் தெரிந்த கடைக்காரரிடமோ கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். சார்ஜ் தீரும் முன் வேறொரு எண்ணையும் குறித்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் வளைந்து கொடுக்காதீர்கள். திரையில் வரும் ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் படித்துச் சொல்லக் கூடாது. 'நான்தான் சொந்தக்காரன், சரிபார்க்க ஓடிபி சொல்லுங்க' என்பவர் அவருடைய வங்கிக் கணக்கைக் குறி வைத்தவராக இருக்கலாம். உண்மையிலேயே சொந்தக்காரர் என்றால் நேரில் வந்து அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

சந்திக்கும் இடம் உங்கள் வீடாக இருக்க வேண்டாம். பகல் நேரம், ஆள் நடமாட்டம் உள்ள கடை, கோயில் அலுவலகம், பள்ளி வாசல், பஸ் ஸ்டாண்டு போலீஸ் உதவி மையம் எதுவானாலும் சரி. பெண்களும் மாணவர்களும் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

ஊர்க் குழுக்களில் படம் போடுவது

வாட்ஸ்அப் குழுவில் போன் படத்தைப் போட்டு 'யாருடையது?' என்று கேட்டால், மேலே சொன்ன கேள்விகளுக்கான விடைகளை எல்லோருக்கும் கொடுத்துவிட்டீர்கள். பூட்டுத் திரையில் குடும்பப் படம் இருந்தால் அதுவும் ஊர் சுற்றும். 'இன்று மதியம் மார்த்தாண்டம் பகுதியில் ஒரு போன் கிடைத்திருக்கிறது, அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்' என்ற அளவுக்கு எழுதினாலே போதும்.

காவல் நிலையம் போகத் தயங்குவது

ஒரு பகல், ஒரு இரவு கழிந்தும் அழைப்பு வரவில்லையென்றால் கிடைத்த இடத்துக்குரிய காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள். 'நம்மையே சந்தேகப்படுவார்களோ' என்ற பயம் பலருக்கு உண்டு. உண்மையில் தாமதம்தான் சந்தேகம் தருவது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, கண்டெடுத்தவர் அந்தப் பொருளைத் தன்னிடம் நம்பி ஒப்படைத்த பொருள் போலவே கவனமாகக் காக்க வேண்டும். உரியவருக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக எடுத்து வைத்திருப்பது குற்றம் ஆகாது. ஆனால் உரியவரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல் தனக்கென்று வைத்துக்கொண்டால், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவின்படி குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு.

வெறுங்கையோடு போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டாம். ஒரு தாளில் தேதி, நேரம், கிடைத்த இடம், போனின் பிராண்டு, நிறம், கீறல், உறைக்குள் இருந்தவை, உங்கள் பெயர், எண் எழுதி இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நனைந்த போனைச் சார்ஜ் போடுவது

சொத்தவிளையிலோ முட்டத்திலோ மணலில் புதைந்து கிடைத்த போனில் கடல் தண்ணீர் ஏறியிருக்கும். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், சார்ஜ் போட்டால் துளைக்குள்ளேயே அரித்துக் கெடுத்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, சார்ஜ் துளை கீழே இருக்கும்படி பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். அரிசிக்குள் புதைத்தால் அதன் தூள் உள்ளே போய் அடைக்கும். வெயிலில், பைக் டேங்கின் மேல் காய வைப்பது பேட்டரிக்கு ஆகாது.

வெளியூருக்கு அனுப்பும்போது

உரியவர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால் கூரியர்தான் வழி. இப்போது போனை அணைத்துத்தான் அனுப்ப வேண்டும், லித்தியம் பேட்டரி உள்ளே இருக்கிறது என்று கூரியர் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். குமிழ் உறையில் சுற்றி, ஆடாதபடி பெட்டியில் வைத்து, காப்பீட்டோடு அனுப்பி ரசீதுப் படத்தை உரியவருக்கு அனுப்புங்கள். செலவை அவர் முன்கூட்டியே அனுப்பட்டும். பஸ் டிரைவர் கையில் கொடுத்துவிடுவது நம் பக்கம் வழக்கம்தான் என்றாலும், உரியவர் ஒப்புக்கொண்டு வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டால் மட்டும் செய்யுங்கள்.

கொடுக்கும்போது ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்: சி.இ.ஐ.ஆரில் முடக்கியிருந்தால் அதே தளத்தில் போய் முடக்கத்தை நீக்க வேண்டும். நீக்காமல் விட்டால் எந்த சிம் போட்டாலும் அந்தப் போனில் நெட்வொர்க் வராது.