மாவு மில்லில் கேட்ட ‘நைஸ்’

கொருக்குப்பேட்டை மாவு மில்லில் எனக்கு முன்னால் நின்ற அக்கா, “இடியாப்பத்துக்குண்ணே, நைஸா அரைச்சுக் குடு, ரவை ரவையா இருக்கக் கூடாது” என்றார். அண்ணன் மாவைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி மெஷினில் கொட்டினார்.

‘நைஸ்’ என்றால் நல்லது, இனியது என்றுதானே பள்ளியில் படித்தோம்? அந்த அர்த்தம் 18ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. மூலம் லத்தீன் ‘நெஸ்கியுஸ்’. ‘நெ’ என்றால் இல்லை, ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். ஆக, ஒன்றும் அறியாதவன்! பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘நைஸ்’ என்று சொன்னால் திட்டு. பிறகு தொட்டதற்கெல்லாம் குறை சொல்லும் நாசூக்குக்காரருக்கு ஆனது. 16ஆம் நூற்றாண்டில் ‘நுணுக்கமான’ என்று திரும்பியது.

அந்த நுணுக்கம் இன்னும் போகவில்லை. பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் கவனிக்க: ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று வந்தால் ‘நல்ல வேறுபாடு’ என்று எழுதிவிடாதீர்கள், ‘நுட்பமான வேறுபாடு’. சந்தேகம் வந்தால் அக்கா கேட்ட மாவை நினைத்துப் பாருங்கள்: அங்கேயும் ‘நைஸ்’ என்றால் நுணுக்கம்தான். (‘நைஸா கழண்டுக்கிட்டான்’ என்பது நம்ம ஊர் சரக்கு, அதைப் பரீட்சையில் எழுத வேண்டாம்.)