கூட ஒரு ஆள உக்கார வெச்சு வாட்டர்கலர் போடுறது எப்படி

பெயின்டிங் பண்ணா நம்மள நாமே புரிஞ்சுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க, எப்படின்னு கேட்டா மட்டும் யாரும் வாயத் திறக்கறதில்ல. எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான், தனியா பண்ணாதீங்க. அம்மாவோ ரூம்மேட்டோ பக்கத்து வீட்டு அக்காவோ யாரையாவது கூட சேத்துக்கோங்க, எனக்கு ஒரு கோடு கூட நேரா வராதுன்னு சொல்ற ஆளா இருந்தா இன்னும் நல்லது.

பேப்பர்ல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். 300 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனத்தச் சொல்ற அளவு) வாட்டர்கலர் பேப்பர் வாங்குங்க, சாதா ஏ4 தண்ணி பட்டதும் நெளிஞ்சுக்கும், அப்புறம் நமக்கு வரலன்னு நம்ம மேலேயே பழிய போட்டுக்குவோம். மத்தபடி ஒரு கேமல் கேக் செட் (கட்டி கட்டியா வர்ற வாட்டர்கலர்), 6ம் நம்பர் ரவுண்ட் பிரஷ், ரெண்டு டப்பால தண்ணி (ஒண்ணு பிரஷ் கழுவ, ஒண்ணு கலர் கலக்க), பழைய பனியன் துணி, அவ்ளோதான்.

இப்ப டேபிள் நடுவுல ஒரு எவர்சில்வர் டம்ளர வைங்க, ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து அதையே வரைங்க. வரையறப்ப பேச்சு கிடையாது. சில்வர் கலர் எங்கன்னு தேடாதீங்க, உத்துப் பாத்தா அந்த டம்ளருக்குன்னு தனியா ஒரு கலரே இல்ல, ஜன்னல் வெளிச்சம் வெள்ளக் கோடா நிக்கும், டேபிள் கலர் அடியில வளைஞ்சு தெரியும், நீங்க போட்டிருக்கற சட்டை நீளமா ஒரு கீத்து மாதிரி உள்ள விழுந்திருக்கும், அதையும் சேத்துதான் நீங்க போடணும். வெள்ளக் கோட்டுக்கு பெயின்டே வேணாம், பேப்பர அப்படியே விட்டுடுங்க. சாம்பல் கலருக்கு கறுப்ப தொடாம அல்ட்ராமரின் ப்ளூவும் (அடர் நீலம்) பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) கலந்து பாருங்க, அது தனி அழகு. காஞ்சதும் கலர் வெளுக்கும், அதனால கொஞ்சம் தூக்கலாவே போடுங்க, முதல் பூச்சு அரைகுறையா காயறப்ப மேல கை வெச்சீங்கன்னா திட்டுத்திட்டா ஆயிடும்.

முடிச்சதும் பேப்பர மாத்திக்கோங்க. "சூப்பரா இருக்கு"ன்னு சொல்றதுக்கு தடை, அத சொன்னா பேச்சு அங்கயே முடிஞ்சிடும். "எந்த இடத்துல ரொம்ப நேரம் நின்னீங்க?", "இத ஏன் விட்டீங்க?"ன்னு கேளுங்க. ஒருத்தர் விளிம்புல இருக்கற நசுங்கல் வரைக்கும் போட்டிருப்பாரு, இன்னொருத்தர் டம்ளர சும்மா நாலு கோட்டுல முடிச்சிட்டு நிழலுக்கே பாதி பேப்பர குடுத்திருப்பாரு. அத வெச்சு நீங்க இப்படிப்பட்ட ஆளுன்னு ஜோசியம் மட்டும் சொல்லிடாதீங்க, அவங்களே சொல்லட்டும்.

தேதி போட்டு எடுத்து வைங்க, வாராவாரம் வேற வேற பொருள். நாலஞ்சு சேந்ததும் தரையில பரப்பிப் பாருங்க, எப்பவும் எத விட்டுட்டுப் போறீங்க, எங்க அவசரப்படுறீங்கன்னு நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.

சேந்து வரையறது ஒண்ணும் புதுசில்ல. மெட்ராஸ் ஓவியக் கல்லூரி பிரின்சிபாலா இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் கூட இருந்த ஆர்ட்டிஸ்டுகளும் 1966ல சென்னை இஞ்சம்பாக்கம் பக்கம் சோழமண்டலம்னு ஒரு ஊரையே உருவாக்கினாங்க, பாத்திக் (துணியில மெழுகு வெச்சு சாயம் ஏத்துறது) மாதிரி கைவேலைய வித்து அந்தக் காசுல பெயின்டிங்க நடத்தினாங்க. ஈசிஆர் பக்கம் போனா அங்க இருக்கற மியூசியத்த பாத்துட்டு வாங்க.

ஸ்டேட்டஸ்ல போடறத கொஞ்ச நாள் தள்ளி வைங்க, லைக் வர ஆரம்பிச்சா நமக்கு ஈசியா வர்றத மட்டும்தான் கை தேடும்.