ரிப்பேரில் நிற்கும் பழைய பைக்கை வாங்கும்போது செய்யும் தவறுகள்

"கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும், வண்டி பறக்கும்." நின்றுபோன பைக்கை விற்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். அவ்வளவு சின்ன வேலை என்றால் அதை முடித்துவிட்டு நல்ல விலைக்கே விற்றிருக்கலாமே? விற்பவர் சொல்லும் பழுதுக்கு மட்டும் செலவுக் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு.

அடுத்தது, ஸ்டார்ட் ஆகிற நிலையில் உள்ள வண்டியென்றால், சூடான இஞ்சினைப் பார்த்து முடிவெடுப்பது. நீங்கள் போவதற்கு முன்பே ஓடவிட்டு வைத்திருந்தால் ஸ்டார்டிங் பிரச்சினை தெரியவே தெரியாது. போனதும் இஞ்சின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு அடித்தால் ஆறும்வரை காத்திருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, சைலன்சரையே கவனியுங்கள். முதலில் கொஞ்சம் வெள்ளையாக ஆவி வந்து மறைந்தால் அது வெறும் ஈரம். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர், டியூனிங் என்று பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பெட்ரோலோடு ஆயில் கலக்காத ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை வந்தால்தான் வில்லங்கம். உள்ளே ஆயில் எரிகிறது. ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க வந்தால் பிஸ்டன் ரிங் மேலும், அதை விட்டு மறுபடி முறுக்கும்போது குபுக்கென்று வந்தால் வால்வு சீல் மேலும் சந்தேகப்படலாம். இரண்டுக்குமே இஞ்சினைப் பிரித்தாக வேண்டும். பிரித்த பிறகு இன்னும் என்னென்ன தேய்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இஞ்சினைவிட எனக்குப் பயம் சேஸிஸ்தான், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம். ஹேண்டில் கழுத்துக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட், பெயிண்டில் சுருக்கம், பிற்பாடு வைத்த வெல்டிங் தடம் தெரிந்தால் வண்டி பலமாக அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்து ஓட்டலாம் என்று நினைக்கவே வேண்டாம். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் சிக்கினால், அது வேறு விஷயம். ஹேண்டில் கழுத்தில் இருக்கும் பேரிங்கான கோன் செட்டை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஓடோமீட்டரை நம்பி விலை பேசுவதும் தவறு. மீட்டர் குறைவாகக் காட்டி, கியர் லீவர் ரப்பரும் ஃபுட்ரெஸ்டும் மழுங்கியிருந்தால் ரப்பரைத்தான் நம்ப வேண்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) நன்றாக இருந்தாலும் பத்து வருட டயருக்கு மாற்றும் செலவைச் சேர்த்துவிடுங்கள்.

சரி, கணக்கு எப்படிப் போடுவது? நல்ல ஓட்டத்தில் இருக்கும் அதே மாடல் என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். கேட்கும் விலை, பாகங்கள், கூலி, பிரித்த பிறகு தெரியவரும் வேலைக்கு ஒரு தொகை, எல்லாம் சேர்த்து, முதலில் விசாரித்த அந்த விலையைத் தாண்டினால் ஓடுகிற வண்டியையே வாங்கிவிடலாம். உற்பத்தி நின்ற மாடல் என்றால், விலை பேசுவதற்கு முன்பே பாகம் கிடைக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

அப்புறம், பணம் கொடுப்பதற்கு முன் இஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் துடைத்துவிட்டு, பதிவுச் சான்றோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணை அரம் போட்டுத் தேய்த்த அடையாளம் இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.