எல்எஸ்1-க்கு எல்எஸ்6 மேனிஃபோல்டு: எங்கே சறுக்குகிறார்கள்?

1999, 2000 மாடல் செவர்லே சி5 கார்வெட் காரின் எல்எஸ்1 இன்ஜினில், அதே குடும்பத்து அதிக சக்தி இன்ஜினான எல்எஸ்6-ன் இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) ஏற்றுவது பழகிய வேலைதான். ஆனாலும் புதிதாகக் கை வைப்பவர்கள் அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். பேட்டரி வயரைக் கழற்றுவது, பெட்ரோல் பிரஷரை இறக்குவது எல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம்.

பின்பக்க ஸ்டீம் பைப்பைக் கழற்றாமல் விடுவது

எரிச்சல் தீராத தவறு இது. எல்எஸ்6 மேனிஃபோல்டின் அடிப்பாகம் பழையதைவிடக் கீழே இறங்கியிருக்கும். பழைய எல்எஸ்1-ல் இரண்டு சிலிண்டர் ஹெட்டின் நான்கு மூலைகளிலிருந்தும் கூலன்ட் ஆவி போகும் சிறு பைப் வரும். பின்னால் குறுக்கே போகும் பைப்பின் மேல் புது மேனிஃபோல்டு ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

லேசாகத் தூக்கி நிற்பதைப் பார்த்ததும், "போல்ட் இறுக்கினால் படிந்துவிடும்" என்று தோன்றும். படியத்தான் செய்யும், நைலான் வளைந்து. கேஸ்கெட் ஒரு ஓரத்தில் மட்டும் பிடிக்கும், மறு ஓரம் காற்றை இழுக்கும். ஐடிலிங் ஆடும், பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று சொல்லும் பி0171, பி0174 கோளாறுக் கோடு வரும். பிறகு ஏர்ஃப்ளோ சென்சார், ஆக்சிஜன் சென்சார் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டுவார்கள். கோளாறு அடியிலேயே கிடக்கும்.

2001 முதல் எல்எஸ்1-க்கும் இதே மேனிஃபோல்டுதான் வந்தது, பைப்பும் அதற்கேற்ப முன்பக்கத்துக்கு மட்டும் என்று மாறியது. அந்த முன்பக்க பைப்பையும், பின்னிரு மூலைகளுக்கான அடைப்புகளையும் சீலோடு முதலிலேயே வாங்கி வையுங்கள். பைப்பைத் தொடும் முன் கூலன்ட்டைக் கொஞ்சம் வடியுங்கள். இல்லையென்றால் திறந்த போர்ட்டுக்குள் (ஹெட்டில் காற்று நுழையும் வாய்) போகும். போல்ட் போடாமல் மேனிஃபோல்டை வைத்து நான்கு மூலையையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் நிறுத்துங்கள்.

கைக் கணக்கில் இறுக்குவது

பத்து போல்ட். நடுவிலிருந்து வெளியே குறுக்குமறுக்காக, முதல் சுற்று 5 நியூட்டன் மீட்டர், இரண்டாவது 10. வீல் நட்டுக்கான பெரிய டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) இந்த அளவைக் காட்டாது. மீறினால் அலுமினிய ஹெட்டில் மரை போகும்.

பழைய கேஸ்கெட்

வேண்டாம்.

திறந்த போர்ட்

தூக்குவதற்கு முன்பே சுற்றியுள்ள மண்ணை வேக்யூமால் உறிஞ்சுங்கள். தூக்கியதும் எட்டு போர்ட்டையும் டேப்பால் மூடுங்கள். துணி திணித்தால் ஒன்று உள்ளேயே தங்கிவிடும்.

நாக் சென்சாரைப் பார்க்காமல் மூடுவது

இன்ஜின் தட்டுவதை உணரும் சென்சார்கள் இவை; இரண்டும் மேனிஃபோல்டுக்கு அடியில்தான். பின்னால் இருப்பதன் குழியில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். இப்போது மாற்றாவிட்டால், அந்த சென்சாருக்கான பி0332 கோடு வரும் நாளில் இந்த வேலை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும்.